மடாவுரா ஆற்றில் நாற்பது நிமிடம்

வாடகைக் காரின் முன்கண்ணாடியில் கடுகு அளவுக்கு ஒரு தடம். கல் தெறித்தது. அதற்கு 460 நியூசிலாந்து டாலர் பிடித்துக்கொண்டார்கள். நம் சிங்கப்பூர் வெள்ளியில் ஏறக்குறைய 350. கவுண்டரில் இருந்த பையன் சிரித்த முகத்தோடு, "கண்ணாடிக்கு நீங்கள் தனிக் காப்புறுதி எடுக்கவில்லையே" என்றான். நாளைக்குப் பன்னிரண்டு டாலர் மிச்சம் என்று நான்தான் வேண்டாம் என்றிருந்தேன். சாங்கி வந்து இறங்கும் வரை அந்த எரிச்சல் அடங்கவில்லை. நீங்கள் போனால் அந்தப் பன்னிரண்டைக் கட்டிவிடுங்கள். மீன்பிடி இடத்துக்குப் போகும் பாதி ரோடு சரளைக்கல்தான்.

வழி, செலவு, உரிமம் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். முயற்சி செய்கிறேன்.

போன இடம் தென்தீவின் கோர் என்ற சின்ன ஊர். பழுப்பு டிரௌட் மீனின் உலகத் தலைநகரம் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஊர். நடுவில் மீனுக்குப் பெரிய சிலையே வைத்திருக்கிறார்கள். மீனோ அந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. 1860களில் டாஸ்மேனியா வழியாக முட்டையாக வந்து சேர்ந்தது. ஊரை ஒட்டி ஓடுவது மடாவுரா ஆறு. அங்கே ஏப்ரல் இலையுதிர் காலம். அந்தப் பருவத்தில் மேஃப்ளை பூச்சிகள் ஆற்றிலிருந்து கூட்டமாகக் கிளம்பும், மீன்கள் மேலே வந்து தின்னும் என்று மூன்று வருடமாகப் படித்துப் படித்து ஏங்கியிருக்கிறேன். ஏப்ரல் 30-ஓடு பெரும்பாலான ஆறுகளில் சீசன் முடிந்துவிடும். அதனால் புனித வெள்ளி விடுமுறையோடு லீவு சேர்த்துப் போட்டேன். பெட்ரோல் காசைப் பங்கு போட ஆள் வேண்டுமே, மச்சினனையும் இழுத்துக்கொண்டேன். அவன் தூண்டிலைக் கையில் தொட்டதில்லை.

"பத்து மணி நேரம் பறந்து போய் மீனைப் பிடிச்சு, திரும்பத் தண்ணியிலேயே விடுவீங்களா? தேக்கா மார்க்கெட்டுல போய் வாங்குனா ஆகாதா?" என்றாள் மனைவி. என்னிடம் பதில் இல்லை.

கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் ஆற்றில் இறங்கி நிற்கப் போடும் வேடர் காலணியையும் மசாலாத் தூளையும் படிவத்தில் அறிவித்தோம். மறைத்து மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். மசாலாவைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். காலணியை மட்டும் உள்ளே கொண்டுபோய்க் கழுவித்தான் தந்தார்கள். முழுசாக அரை மணி நேரம். காலணியில் ஒட்டிப் பரவும் டிடிமோ என்ற பாசி 2004-இல் அந்தப் பக்கத்து வையாவ் ஆற்றில் தென்பட்டதிலிருந்து இந்தக் கெடுபிடி. கம்பளி அடி வைத்த காலணிக்கு 2008 முதல் தடையே உண்டு. இதில் எனக்குக் கோபமில்லை. நம்ம ஊர் நீர்த்தேக்கங்களில் கண்ட மீனையும் கொண்டுவந்து விட்ட கதை நமக்குத் தெரியாதா?

அப்புறம் தெற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆடு, ஆடு, ஆடு.

புனித வெள்ளியன்று அங்கே சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. திறந்திருந்த ஒரே சின்ன கஃபேயில் பொது விடுமுறைக் கட்டணம் என்று பில்லில் 15 சதவீதம் ஏற்றினார்கள். முதலில் முணுமுணுத்தேன். பிறகு அந்தச் சீஸ் ரோல் வந்தது. சீஸும் வெங்காய சூப் பொடியும் கலந்த பூரணத்தை ரொட்டித் துண்டில் தடவி, சுருட்டி, வாட்டி, மேலே வெண்ணெய் வழியக் கொடுக்கிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே நாக்கைச் சுடும் குழம்பு. வெளியே ஏழு டிகிரி குளிர். ஆளுக்கு இரண்டு சாப்பிட்டு, இன்னும் இரண்டு வாங்கினோம். 15 சதவீதம் தகும்.

சனிக்கிழமை வீண். வழிகாட்டிக்கு ஒரு நாளைக்கு 900 டாலருக்கு மேல் கேட்டார்கள், வேண்டாம் என்று நாங்களே இறங்கினோம். ஒரே காற்று. ஃப்ளை ஃபிஷிங் என்ற இந்த வகைத் தூண்டிலில் ஈயக் குண்டு கிடையாது. முள்ளில் கட்டிய பொய்ப் பூச்சிக்கும் எடை இல்லை. தடித்த நூலின் எடையைத்தான் வீசவேண்டும். எதிர்க்காற்றில் அந்த நூல் திரும்பி வந்து என் தொப்பியிலேயே விழுந்தது. மச்சினன் கரையில் உட்கார்ந்து வீடியோ எடுத்தான்.

ஞாயிறு மேகமூட்டம், காற்றில்லை. வில்லோ மரங்களின் மஞ்சள் இலை தண்ணீரில் மிதந்து வந்துகொண்டிருந்தது. மதியம் ஒரு மணி வரை ஒன்றுமில்லை. ஒன்றேகாலுக்கு ஓர் இலை இறக்கையை அசைத்தது. உற்றுப் பார்த்தால் இலை இல்லை, மேஃப்ளை. அடுத்த ஐந்து நிமிடத்தில் ஆறு முழுக்கக் குட்டிக் குட்டிப் பாய்மரங்கள். மழை விட்டதும் ஈசல் கிளம்புமே, அதே மாதிரி. ஆனால் மண்ணிலிருந்து இல்லை, தண்ணீரிலிருந்து. ஒன்றைக் கையில் ஏந்தினேன். ஒரு சென்டிமீட்டர் உடம்பு, நிமிர்ந்த சாம்பல் இறக்கை, மயிர் போல மூன்று வால். மாதக்கணக்கில் ஆற்றுக் கல்லுக்கு அடியில் கிடந்துவிட்டு வெளியே வருகிறது. இறக்கை முளைத்த பிறகும் ஒரு முறை தோலுரிக்கும்; வேறு எந்தப் பூச்சிக்கும் அது கிடையாது. வளர்ந்தபின் சாப்பாடும் இல்லை. ஓரிரு நாளில் கதை முடிந்தது.

எதிர்க் கரையை ஒட்டி மீன்கள் எழ ஆரம்பித்தன. எனக்குக் கை நடுங்கியது. டப்பாவில் நாற்பது பொய்ப் பூச்சிகள், எல்லாம் சேர்த்து 130 வெள்ளி. மிதக்கிற பூச்சியைப் போலவே இருந்ததைக் கட்டி வீசினேன். மீன் அதன் பக்கத்திலேயே எழுந்தது, தொடவில்லை. மாற்றினேன். தொடவில்லை. இப்படியே இருபது நிமிடம் போனது.

"அத்தான், அது வாயத் தொறக்கவே இல்ல. முதுகு மட்டுந்தான் தெரியுது. கொப்புளமும் வரல" என்றான் கரையிலிருந்து.

வாய் வெளியே வந்து விழுங்கினால் காற்றும் உள்ளே போகும், பின்னால் ஒரு கொப்புளம் மிதக்கும். கொப்புளம் இல்லையென்றால் மீன் மேலே மிதப்பதைத் தின்னவில்லை. தோலுரித்துக்கொண்டு மேலே வர முடியாமல் தண்ணீரின் தோலுக்கு அடியில் தொங்குவதைத் தின்கிறது. இதை நான் எத்தனை முறை படித்திருக்கிறேன்! தூண்டில் தொடாதவன் சொல்லித்தான் உறைத்தது. வாத்து இறகு வைத்து, பாதி உடல் தண்ணீருக்குள் தொங்கும்படி கட்டிய 16-ஆம் எண் முள் ஒன்று மூலையில் கிடந்தது. அதை வீசினேன். முதல் வீச்சிலேயே தண்ணீர் புடைத்தது. லோயர் சிலேத்தாரில் பீகாக் பாஸ் பிடித்த பழக்கம், வெடுக்கென்று இழுத்துவிட்டேன். வெறும் முள்தான் வந்தது. பழுப்பு டிரௌட் பூச்சியை வாங்கித் தலையைக் கீழே திருப்பும் வரை காத்திருக்கவேண்டும். இரண்டாவது மீனுக்கு மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு மெதுவாகத் தூக்கினேன். கம்பு வளைந்தது.

ஒன்றரைக் கிலோ இருக்கும். வெண்ணெய் நிற வயிறு, விலாவில் கறுப்பும் சிவப்புமாகப் பொட்டுகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளுத்த வளையம். அதை விட்டுவிட்டேன். அடுத்ததை வைத்துக்கொண்டோம். மூன்றாவது வருவதற்குள் ஆறு மறுபடியும் வெறும் ஆறாகிவிட்டது. மணி ஒன்று ஐம்பத்தைந்து.

நியூசிலாந்தில் டிரௌட்டை விற்கவும் வாங்கவும் சட்டப்படி கூடாது, அதனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. நாங்கள் தங்கிய ஹாலிடே பார்க்கின் பொது அடுப்புக் கல்லில் மசாலா தடவி வறுத்தோம். சதை இளஞ்சிவப்பு, நம்ம பாறை மீனைவிட மென்மை, ஆனால் லேசாக மண் வாசனை. உண்மையைச் சொன்னால் வஞ்சிரம்தான் மேல். பக்கத்து அறைத் தாத்தா மஞ்சள் புகையைப் பார்த்துவிட்டு, எலுமிச்சை மட்டும் போதுமே என்றார். ஒரு துண்டு கொடுத்தோம். இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கினார்.

உரிமம் பற்றிச் சொல்ல மறந்தேன்: உரிமம் தரும் ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பின் இணையத்தளத்தில் வாங்கலாம், வெளிநாட்டவருக்குத் தனி விலை. வடதீவின் டௌப்போ வட்டாரத்துக்கு மட்டும் அது செல்லாது.

மச்சினன் நேற்று ராத்திரி, ஐந்து எடைத் தூண்டில் கம்பு இங்கே என்ன விலை என்று கேட்டு வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறான். அவன் அக்காவிடம் கண்ணாடி விஷயத்தைச் சொல்லவேண்டாம் என்று மட்டும் பதில் போட்டேன்.