நேர்மையானவர்கள் ஏன் தேர்தலில் நிற்பதில்லை?

நல்லவர்கள் அரசியலுக்கு வருவதில்லையே என்ற புலம்பல் தேர்தல் நடக்கும் எல்லா நாடுகளிலும் கேட்கிறது. அரசியல் ஒரு சாக்கடை, அதில் இறங்க அவர்கள் அஞ்சுகிறார்கள் என்று அதற்கு ஒரு பதிலும் ஆயத்தமாக இருக்கிறது. இந்தப் பதிலில் எனக்கு வெகுகாலமாகவே நம்பிக்கை இல்லை. மிரட்டலுக்கு நடுவில் தீர்ப்பெழுதும் நீதிபதியும், கள்ளக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டு இடமாற்ற உத்தரவுக்குக் காத்திருக்கும் அதிகாரியும், தொற்றுநோய்க் காலத்தில் மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் பணியாற்றிய செவிலியரும் அஞ்சி ஒதுங்குகிறவர்கள் அல்லர். அழுக்கையும் ஆபத்தையும் தாங்கத் தெரிந்த இவர்கள் வேட்புமனு என்றதும் பின்வாங்குகிறார்கள் என்றால், காரணத்தை அவர்களுடைய துணிவில் தேடாமல், அந்த மனு வரை போகும் வழியில் தேடுவதே முறை.

எனக்குத் தெரிந்த தணிக்கையாளர் ஒருவரை, அவருடைய நற்பெயரைக் கருதி, ஒரு கட்சி வேட்பாளராக நிற்க அழைத்தது. எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. வேறு கட்சியாக இருந்தாலும் நடந்தது பெரும்பாலும் இதுவாகவே இருந்திருக்கும். நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் மரியாதையாகவே பேசினார்கள். கொள்கை பற்றி ஒரு கேள்வி, தொகுதியில் எத்தனை பேரைத் தெரியும் என்று ஒரு கேள்வி, அதன் பிறகு, "செலவுக்கு எவ்வளவு புரட்டுவீர்கள்?" என்ற கேள்வி. தம்மால் பெரிதாக ஒன்றும் முடியாது என்று அவர் சொன்னபோது, கவலைப்பட வேண்டாம், பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்தவர், தொழில் பழக்கம் விடாமல், ஒரு தாளில் இடப்பக்கம் தேர்தல் செலவையும் வலப்பக்கம் பதவிக்காலம் முழுவதற்குமான சம்பளத்தையும் படிகளையும் எழுதிக் கூட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பல மடங்கு பெரியதாக இருந்தது. அந்த வித்தியாசத்தை எந்தத் தலைப்பில் பற்று வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. "ஒருவரும் என்னைத் தப்புச் செய்யச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையே வராதபடி ஏற்பாடு இருக்கிறது" என்று பின்னர் என்னிடம் சொன்னார். அவர் நிற்கவில்லை.

அவருடைய தயக்கத்தின் உள்ளே ஒரு முரண் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தேர்தல் செலவுக்குப் பணம் தந்தவரை வென்ற மறுநாளே மறந்துவிட அயோக்கியனால் முடியும். அவனுக்கு அது ஒரு வரவு, அவ்வளவுதான். நேர்மையான மனிதனோ, தனக்கு உதவியவருக்குக் கைம்மாறு செய்யவேண்டும் என்ற நெறியில் வளர்ந்தவன். செய்ந்நன்றி மறப்பதை மன்னிக்க முடியாத குற்றமாகக் கருதும் அந்த மனசாட்சி, பொது ஒப்பந்தம் ஒன்றைத் தகுதி பார்த்துக் கொடுக்கவேண்டிய நாளில் அவனை இரண்டு பக்கமும் இழுக்கும்: பணம் தந்தவருக்கு உதவினால் மக்களுக்குத் துரோகம், உதவாவிட்டால் நன்றிகெட்டவன் என்ற பெயர். எந்தக் குணம் அவனைப் பதவிக்குத் தகுதியாக்குகிறதோ அந்தக் குணமே அவனை மற்றவர்களைவிட எளிதாகக் கடனாளியாக்குகிறது. இதை அவன் முன்கூட்டியே உணர்ந்து விலகுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணத்துக்கு அடுத்தது, கேட்பது. தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளாமல் இக்காலத்தில் வாக்குக் கேட்க முடியாது. தெரியாததைத் தெரியும் என்றும், நிதி நிலைமையைப் பொறுத்தது என்று சொல்லவேண்டியதைக் கட்டாயம் செய்வேன் என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. தன் சொல்லுக்குத் தானே மதிப்பு வைத்திருப்பவருக்கு இது மேடையேறிய முதல் நாளே தொண்டையில் சிக்கும். 1789-இல் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்கப் புறப்படுமுன் ஜார்ஜ் வாஷிங்டன் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கொலைக்களத்துக்குப் போகும் குற்றவாளியின் மனநிலையோடு ஒப்பிட்டுத் தம் மனநிலையைச் சொன்னார். ஆனாலும் அவர் போனார் என்பதையும், அந்தப் பதவிக்காக அவர் ஊர் ஊராகச் சென்று யாரிடமும் வாக்குக் கேட்கவேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். மாறாக, 1884-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்புப் படைத்தலைவராக இருந்த ஷெர்மனைக் குடியரசுக் கட்சி வேட்பாளராக்கப் பேச்சு எழுந்தபோது, நியமித்தால் ஏற்கமாட்டேன், வென்றாலும் பணியாற்றமாட்டேன் என்று அவர் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். போரை நடத்தியவர் தேர்தலுக்கு உடன்படவில்லை.

குடும்பத்தின் மீது விழும் சேற்றையும் இங்கே சொல்லியாகவேண்டும். நாடாளுமன்றங்களுக்கிடையிலான ஒன்றியம் 2016-இல் 39 நாடுகளின் 55 பெண் உறுப்பினர்களிடம் விசாரித்தபோது, அவர்களில் 81.8 விழுக்காட்டினர் உளவியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். தனக்கு நேர்வதைப் பொறுத்துக்கொள்பவரும் தன் பிள்ளைக்கு நேர்வதைப் பொறுப்பதில்லை. இதில் விளக்கத்துக்கு ஒன்றும் இல்லை.

இவ்வளவு நியாயம் அவர்கள் பக்கம் இருந்தும், ஒதுங்கி நிற்பவர்களை முழுதாக விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒதுங்குவதற்குச் சமூகம் தரும் மரியாதை மிகப் பெரியது, செலவும் இல்லாதது. பதவியை மறுத்தவர் என்ற பெயர் வாழ்நாள் முழுவதும் உடன்வரும். பதவியேற்று இரண்டு நல்ல சட்டங்களையும் ஒரு மோசமான சமரசத்தையும் செய்தவருக்கு அந்தச் சமரசம் ஒன்றே நினைவுச் சின்னமாகும். தம் கை கறைபடாமல் இருக்கவேண்டும் என்ற ஆசையில் பொதுநலத்தைவிடத் தன்னலமே கூடுதலாக இருப்பதும் உண்டு. தன் ஆன்மாவின் மீட்பைத் தேடுகிறவர் அதை அரசியலின் பாதையில் தேடக்கூடாது என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1919-இல் மியூனிக்கில் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் சொன்னார். அவர் அதை எச்சரிக்கையாகச் சொன்னார். நம்மில் பலர் அதையே விடுப்புக் கடிதமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். பத்துப் பேர் சேர்ந்து முடிவெடுக்கும் இடத்தில் விட்டுக்கொடுப்பது தவிர்க்க முடியாதது. அதை ஊழலோடு ஒன்றாக வைத்து எண்ணுவதுதான் நேர்மையாளர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

இந்த வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி சாக்ரட்டீஸ். நீதிக்காக உண்மையாகப் போராடுகிறவன் உயிர்பிழைக்க வேண்டுமானால் பொதுவாழ்வில் இறங்காமல் தனிமனிதனாகவே இருக்கவேண்டும் என்று அவர் தம் விசாரணையின்போது கூறியதாகப் பிளேட்டோ பதிவு செய்திருக்கிறார். இதை மட்டும் எடுத்துக்காட்டி ஒதுங்குவதை நியாயப்படுத்துவோர் அவர் அதே பேச்சில் சொன்ன இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். ஏதென்ஸின் ஐந்நூற்றுவர் மன்றத்துக்குச் சீட்டுக் குலுக்கலில் உறுப்பினரானபோது அவர் அந்தப் பொறுப்பை ஏற்றுப் பணியாற்றினார். கி.மு. 406-இல் அர்கினுசே கடற்போருக்குப் பிறகு தளபதிகளைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கூட்டாக விசாரிக்கவேண்டும் என்று கூட்டம் ஆர்ப்பரித்தபோது, தலைமைக் குழுவில் இருந்தவர்களுள் அவர் ஒருவரே எதிர்த்து நின்றார். தளபதிகளைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை என்றாலும், பதவிக்காகக் கையேந்தாத மனிதர், பதவி தானாக வந்தபோது அதில் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதே வாசலை வேறு விதமாகக் கட்டியிருக்கின்றன. வாரியம் என்ற ஊர்ச்சபைக் குழுக்களுக்கு உறுப்பினரைத் தேர, தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் இடப்படத் தகுதியற்றவர்கள். பிரசாரம் இல்லாததால் செலவு இல்லை; செலவு இல்லாததால் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. நிலமும் வேதக் கல்வியும் இருந்தவர்களுக்கு மட்டுமே அந்தக் குடம் திறந்திருந்தது என்பதை மறைத்துவிட்டு அதைப் பொற்காலமாகப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவனின் உறவினரையும் சேர்த்து விலக்கிய அந்த ஒரு விதியை எழுதியவர்கள் மனித இயல்பை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

இது பழங்கதை மட்டும் இல்லை. அயர்லாந்தில் 2016-இல் கூடிய குடிமக்கள் பேரவையில், ஒரு தலைவரைத் தவிர, 99 பேர் பொதுமக்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சாதாரண மனிதர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல்வாதிகள் ஆண்டுக்கணக்கில் தொடத் தயங்கிய கருக்கலைப்புச் சட்டத்தை அவர்கள் வாரயிறுதிகளில் அமர்ந்து, நிபுணர்களை விசாரித்து, ஒரு பரிந்துரையாக்கினார்கள்; 2018-இல் பொதுவாக்கெடுப்பு நடந்து சட்டம் மாறியது. அந்தத் தொண்ணூற்றொன்பது பேரில் எத்தனை பேர் தேர்தலில் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். மிகச் சிலரே இருப்பார்கள் என்பது என் ஊகம்.

குலுக்கலால் அரசாங்கம் நடத்த முடியும் என்று நான் சொல்லவரவில்லை. வாக்குக் கேட்டு வந்தவரை அடுத்த முறை வாக்களித்தே வீட்டுக்கு அனுப்பலாம். சீட்டில் வந்தவரிடம் அந்தப் பிடி நமக்கு இல்லை. ஆகையால் தேர்தல் இருக்கட்டும், அதற்குள் நுழையும் செலவைக் குறைப்பதுதான் வேலை. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஊதியம் வேண்டும் என்று, உழைக்கும் மக்களுக்கு வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தினர் 1838-இல் கேட்டார்கள். ஆண்டுக்கு 400 பவுண்டு என்று அது கிடைத்தது 1911-இல்தான். அதுவரை சொத்துள்ளவர்களோ, சங்கமோ செல்வந்தரோ ஆதரித்தவர்களோதான் அங்கே உட்கார முடிந்தது. உறுப்பினரான பிறகு வாழ வழி செய்த அந்தச் சீர்திருத்தம், உறுப்பினராவதற்கு ஆகும் செலவைத் தொடவில்லை.

அந்தச் செலவைப் பலர் பங்கிட்டுக்கொள்வது ஒரு வழி. ஒருவர் தந்த பெருந்தொகைக்குத்தான் கைம்மாறு கேட்கும் முகம் உண்டு. பதினாயிரம் பேர் தந்த சிறுதொகைக்கு அப்படியொரு முகம் இல்லை, அந்த நன்றியைத் தொகுதி முழுவதற்கும் சேர்த்துத்தான் தீர்க்க முடியும். ஆனால் நல்லவர்கள் வரவில்லையே என்று வருந்துகிறவர்களுள் தாம் நம்பும் வேட்பாளருக்கு ஒரு சிறு தொகையாவது ரசீது பெற்றுக்கொண்டு கொடுத்தவர்கள் மிகக் குறைவு. நான் கொடுத்தவர் வைப்புத்தொகையை இழந்தார். தேர்தல் முடிந்து சில நாட்களில் அவர் எல்லோருக்கும் அனுப்பிய வரவு செலவுக் கணக்கில், துண்டறிக்கை அச்சிட்ட கூலிக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கும் மேலே, தொகை தந்தவர்களின் பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. அடுத்த தேர்தலிலும் நிற்கப் போவதாக அவர் அதன் அடியில் எழுதியிருந்தார்.