எங்கள் தெருவுக்குப் பார்க்கிங் பெர்மிட் வந்தது எப்படி

ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. நிலையத்தில் காரை விட்டால் கட்டணம், பக்கத்துத் தெருவில் விட்டால் இலவசம். காலையில் வாசலில் நிறுத்திவிட்டுப் போகிறவர் இருட்டிய பிறகுதான் திரும்புவார். எங்கள் தெருவில் வயதானவர்கள் அதிகம். அவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வருகிற வண்டி நடுத்தெருவில் நின்றுதான் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் பகல் நேரத்தில் குடியிருப்போர் வண்டிகளுக்கு மட்டும் பெர்மிட் தரும் முறையைக் கேட்டு நகராட்சியிடம் விண்ணப்பித்தோம். கிடைத்தது. இதில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் படி மனு. தெருவிலுள்ள வீடுகளில் பெரும்பான்மையோர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு ஒரு கையெழுத்துத்தான் கணக்கு. சொந்தக்காரரா, வாடகைக்கு இருப்பவரா என்று பார்ப்பதில்லை. தயங்கியவர்களில் பலர் கார் இல்லாதவர்கள். "எனக்கு எதற்கு பெர்மிட்? என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகள் எங்கே நிறுத்துவார்கள்? தினமும் வருகிற நர்ஸ் என்ன செய்வார்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. விருந்தினர் சீட்டு, வீட்டுக்கு வந்து நோயாளியைக் கவனிப்பவர்களுக்குத் தனி பெர்மிட், இரண்டையும் மனுவிலேயே எழுதிச் சேர்த்தோம். அப்புறம்தான் கையெழுத்துகள் வந்தன. வெறும் "பெர்மிட் வேண்டும்" என்று காகிதத்தை நீட்டியிருந்தால் பாதி வீடுகள் கதவைச் சாத்தியிருக்கும்.

ஆனால் காரியத்தை முடித்துக் கொடுத்தது கணக்கெடுப்புத்தான். நகராட்சியும் ஒரு வேலைநாளில் ஆள் அனுப்பி எண்ணும். அதற்கு முன்னால் நாங்களே எண்ணிப் பார்த்தோம். விடியற்காலை, முற்பகல், பிற்பகல், இரவு பத்து மணி என ஒரே நாளில் நான்கு முறை தெருவில் நடந்து, நிற்கிற ஒவ்வொரு வண்டியின் நம்பர் பிளேட்டிலும் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் குறித்தோம். முழு எண் தேவையில்லை. யாருடைய வண்டி என்று தெரிந்துகொள்வது நம் வேலையும் இல்லை. விடியற்காலையிலேயே நிற்பது அநேகமாகத் தெருக்காரர் வண்டி. முற்பகலில் முதல்முறையாகத் தெரிந்து, பிற்பகலிலும் அதே இடத்தில் நின்று, இரவில் காணாமல் போவது ரயிலுக்கு வந்தவருடையது. எங்கள் தெருவில் பகலில் நின்றவற்றில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை. அடுத்த குறுக்குத் தெருவின் கதை வேறு. அங்கே பகலில் இடம் இருந்தது, இரவில்தான் நெருக்கடி. வெளியாட்கள் எல்லோரும் போன பிறகும் தெரு நிறைந்திருக்கிறது என்றால் அந்த வண்டிகள் அந்தத் தெருக்காரர்களுடையவை. பகல் நேர பெர்மிட் அவர்களுக்கு எதையும் தீர்க்காது. அவர்களும் எங்களோடு சேர விரும்பினார்கள். தாளைக் காட்டிப் பேசியபோது புரிந்துகொண்டார்கள்.

எவ்வளவு நிறைந்தால் 'நிறைந்தது' என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பார்க்கிங் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்த டொனால்ட் ஷூப், சாலையோர இடங்களில் சுமார் 85 சதவீதம் நிறைந்து, ஒன்றிரண்டு இடம் காலியாக இருப்பதே சரியான நிலை என்றார். அவர் சொன்னது கட்டணம் வைப்பதைப் பற்றி. இருந்தாலும் எங்கள் தாளைப் படிக்க அது நல்ல அளவுகோலாக இருந்தது.

பொதுக் கூட்டத்தில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. சாலை எல்லோருக்கும் பொது, அதைத் தெருக்காரர்களுக்கு மட்டும் எப்படி ஒதுக்கலாம்? இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில், பக்கத்தில் வேலைக்கு வருகிறவர்களின் கார்கள் குடியிருப்புத் தெருக்களை நிறைத்தன. பெர்மிட் விதி வந்தது, மாநில நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1977இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. போக்குவரத்து நெரிசல், காற்று மாசு, இரைச்சல் இவற்றைக் குறைக்க, குடியிருப்பவரையும் வெளியாரையும் வேறுபடுத்தி விதி செய்யலாம் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு அந்த நாட்டுக்குத்தான் சட்டம். வாதம் எங்கேயும் யோசிக்கத் தக்கது.

அதே கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, அதிகாலை ரயிலைப் பிடிக்க எனக்கு பஸ் கிடையாது, காரை எங்கே விடுவேன் என்று கேட்டார். அவர் எங்கள் எதிரி இல்லை. வீடுகளே இல்லாத மதில் சுவர்ப் பக்கத்தைப் பெர்மிட் இல்லாமல் விட்டுவிடும்படி நாங்களே கேட்டுக்கொண்டோம். நேரத்தையும் குறைத்தோம். லண்டனின் புறப்பகுதிகள் சிலவற்றில் பகலில் ஒரு மணி நேரம் மட்டுமே கட்டுப்பாடு. நாள் முழுக்க விட்டுப்போகிறவரைத் தடுக்க அதுவே போதும். மற்ற நேரத்தில் யார் வந்தாலும் போனாலும் சிக்கல் இல்லை. எங்களுக்கு முற்பகலில் இரண்டு மணி நேரம் என்று முடிவானது.

எல்லையையும் சிறியதாகவே கேட்டோம். பகுதி பெரிதானால் அதன் கோடியில் இருப்பவர் அதே பெர்மிட்டோடு காரில் வந்து நிலையத்துக்கு அருகே விட்டுவிட்டு ரயிலேறுவார். நோக்கமே கெட்டுப்போகும்.

பெர்மிட் வாங்கினால் வாசலில் இடம் உறுதி என்று சிலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. இடத்தைத் தேடும் உரிமைதான் கிடைக்கும். இருக்கும் இடத்தைவிட அதிகமாக பெர்மிட் கொடுத்தால் பழைய கதைதான். ஜப்பானில் 1962 முதல் சட்டமே வேறு மாதிரி: கார் வைத்திருப்பவர் அதை நிறுத்தச் சாலைக்கு வெளியே இடம் வைத்திருக்க வேண்டும். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், இரண்டாவது காருக்குக் கூடுதல் கட்டணம் என்ற விதிக்காக நான் விடாமல் பேசினேன். கிடைத்தது. காரேஜில் பழைய சாமான்களைப் போட்டு வைத்திருந்த சில வீடுகள் அதைக் காலி செய்ததற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன்.

பலகை நட்டதும் எதுவும் மாறவில்லை. ஆய்வாளர் வந்து அபராதச் சீட்டு ஒட்டத் தொடங்கிய பிறகே மாறியது. ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நெரிசல் இப்போது கொஞ்சம் தள்ளி, பெர்மிட் இல்லாத தெருவுக்குப் போயிருக்கிறது. இப்படி ஆகும் என்பதால் ஒட்டியுள்ள தெருக்களின் பெயரையும் மனுவில் சேர்த்திருந்தோம். அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கையெழுத்தும் புதிய கணக்கெடுப்பும் கொடுத்தால் போதும். எங்கள் தாள்களின் நகலை அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். இந்த வாரம் எண்ணத் தொடங்குகிறார்கள்.