ஒரு ரெப்போ, இரண்டு பில்டு ஃபைல்

அந்த ப்ராஜெக்டில் நான் சேர்ந்தபோது, கோடு இருக்கும் ரெப்போவைத் திறந்ததுமே மேவனின் பாம் ஃபைலும் கிரேடிலின் பில்டு ஃபைலும் அருகருகே இருந்தன. மேவன், கிரேடில் இரண்டுமே ஜாவா கோடை பில்டு செய்யும் கருவிகள்; எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் வேண்டும் என்று அந்த ஃபைல்களில்தான் எழுதுவோம். மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாறும் வேலையை யாரோ தொடங்கி, பாதியில் விட்டிருந்தார்கள். எங்கள் மெஷினில் எல்லோரும் கிரேடில்தான் ஓட்டினோம், வேகமாக முடியும். ரிலீஸ் பில்டை மட்டும், பில்டைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் சர்வர் மேவனில் எடுத்தது. புது லைப்ரரி சேர்த்தால் இரண்டு ஃபைலிலும் ஒரே வெர்ஷனை எழுதிவிடுவோம், அது போதும் என்று நம்பினோம்.

ஒரு ரிலீஸ் போன பத்தாவது நிமிடம் லாகில் 'நோ சச் மெத்தட் எரர்' கொட்டியது. குவாவா என்ற ஜாவா லைப்ரரியின் இம்யூட்டபிள் லிஸ்டில் 'டு இம்யூட்டபிள் லிஸ்ட்' என்ற மெத்தட் இல்லையாம். எங்கள் கோடில் அதை யாரும் கூப்பிடவே இல்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை.

இரவு இரண்டு டெர்மினலைத் திறந்து, எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்று பார்க்க, ஒன்றில் மேவனின் டிபெண்டன்சி ட்ரீயையும் மற்றதில் கிரேடிலின் டிபெண்டன்சி இன்சைட்டையும் ஓட்டிய பிறகுதான் புரிந்தது. நாங்கள் சேர்த்த ஒரு லைப்ரரி குவாவா 19-ஐக் கேட்டது. இன்னொரு லைப்ரரி தன்னோடு இழுத்து வந்த வேறொன்று 31-ஐக் கேட்டது. மேவன், மரத்தில் வேருக்குக் கிட்டே இருப்பதை எடுக்கும். தூரம் சமம் என்றால் முதலில் எழுதியதை. ஆகவே 19. கிரேடில் பெரிய வெர்ஷனை எடுக்கும். ஆகவே 31. அந்த மெத்தட் வந்ததே 21-இல்தான். நாங்கள் சோதித்தது ஒன்று, அனுப்பியது வேறொன்று.

அன்றைக்கு பாமின் டிபெண்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் குவாவா வெர்ஷனைக் கட்டிப்போட்டுச் சமாளித்தோம். மறுவாரம் டீமாக உட்கார்ந்து பேசினோம். எனக்கு கிரேடில்தான் பிடிக்கும். ஆனாலும் ரிலீஸ் வேலை முழுக்க மேவனில் இருந்ததால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றேன். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் தேதி குறித்து ஒரேயடியாக மாறலாம்; அதுவரை டெஸ்டும் ரிலீஸும் ஒரே கருவியில் ஓட வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்.

கிரேடில் ஃபைலை அழித்தோம். அப்புறம் மேவனின் என்ஃபோர்சர் பிளகினில் டிபெண்டன்சி கன்வர்ஜென்ஸ் விதியைப் போட்டோம். ஒரே லைப்ரரிக்கு இரண்டு வெர்ஷன் கேட்கப்பட்டால் பில்டு அங்கேயே நின்றுவிடும். முதல் நாள் நீளமான பட்டியல் வந்தது. ஜாக்சன், எஸ்எல்எஃப்4ஜே போன்ற லைப்ரரிகள் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக உட்கார்ந்து தீர்த்தோம்.

நாங்கள் கோடு எழுதுவது இன்டெலிஜே என்ற எடிட்டரில். டீமுக்குப் புதிதாக வந்திருந்த தம்பி, "அண்ணா, இனிமேல் ப்ராஜெக்டைத் திறந்தால் மேவனா கிரேடிலா என்று இன்டெலிஜே கேட்காதுல்ல?" என்றார். கேட்காது என்றேன்.