பத்துப் பவுண்டுக்குள் சிகாகோ சோல்

போன வருடம் மார்ச் மாதம் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவைத்தேன். ஒரு பழைய இசைத்தட்டுக்கு 10 பவுண்டுக்கு மேல் கொடுப்பதில்லை. ஒரு மாதத்தில் 25 பவுண்டைத் தாண்டுவதில்லை. இன்றைக்கு 14 மாதம் ஆகிறது. அலமாரியில் 31 தட்டுகள் இருக்கின்றன. தட்டுகளுக்கு மட்டும் 214 பவுண்டு, தபால் செலவு தனியாக 58. எல்லாமே 7 அங்குல, நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிங்கிள்கள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு. பெரும்பாலானவை 1962 முதல் 1970 வரை சிகாகோவில் பதிவான சோல், அதாவது தேவாலயப் பாட்டின் சாயலுள்ள கறுப்பின அமெரிக்கர் இசை. ஒவ்வொன்றும் எனக்குப் பிடித்த பாட்டு.

நான் இருப்பது வட இங்கிலாந்தின் லீட்ஸில். சோல் தட்டு சேர்க்கிறேன் என்று இந்தப் பக்கத்தில் சொன்னால், "அது பணக்காரர்கள் வேலையாச்சே" என்பார்கள். காரணம் இருக்கிறது. 1965இல் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 'சோல்' என்ற கிளை லேபிளுக்காக (லேபிள் என்றால் தட்டு வெளியிடும் பெயர்) ஃபிராங்க் வில்சன் பாடிய ஒரு சிங்கிள் கடைக்கே வரவில்லை. விளம்பரப் பிரதிகளையும் ஏறக்குறைய மொத்தமாக அழித்துவிட்டார்கள். தப்பித்த ஒரு பிரதி 2009இல் 25,742 பவுண்டுக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் அடுத்து எந்தப் பெட்டியையும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் அந்த விலை எப்படி ஏறியது என்று பார்த்தால் வழி திறக்கிறது. வட இங்கிலாந்தில் 1960களின் கடைசியிலிருந்தே அமெரிக்க சோல் பாட்டுக்கு விடிய விடிய ஆடும் வழக்கம் வந்துவிட்டது. மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல் மன்றம், பிறகு 1973 முதல் 1981 வரை விகன் கசீனோ என்ற நடன அரங்கம். ஆடுபவர்களுக்கு வேகமான தாளம் வேண்டும்; மற்ற இடத்தில் கேட்காத பாட்டாகவும் இருக்க வேண்டும். அதனால் டிஜேக்கள் அமெரிக்காவில் விலைபோகாத தட்டுகளைத் தேடிப் பிடித்தார்கள். போட்டிக்காரருக்குத் தெரியாமலிருக்க தட்டின் நடுவில் பெயர் அச்சிட்ட லேபிள் மேல் காகிதம் ஒட்டி, பொய்ப் பெயர் வைத்தும் போட்டார்கள். ஃபிராங்க் வில்சன் பாட்டே முதலில் எடி ஃபாஸ்டர் என்ற வேறொரு பாடகர் பெயரில்தான் ஒலித்தது. ஆக, விலையை வைத்தது நடனத் தளம். அந்தத் தளத்துக்கு ஒத்துவராத மெதுவான பாட்டும், நடுவேகப் பாட்டும், தட்டின் மறுபுறமான பி பக்கமும் எவ்வளவு குறைவாக மிஞ்சியிருந்தாலும் யாரும் போட்டி போடுவதில்லை. அரிதாக இருப்பது வேறு, விலை ஏறியிருப்பது வேறு. என் தேடல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஏன் சிகாகோ? முதல் மாதம் எந்தத் திட்டமும் இல்லாமல் ஒரு கண்காட்சியில் மேசைக்குக் கீழே இருந்த பெட்டியில் 4 பவுண்டுக்கு இம்ப்ரஷன்ஸ் குழுவின் 'யூவ் பீன் சீட்டின்' வாங்கினேன். ஏபிசி-பாரமவுண்ட் லேபிள், 1965. குழுவின் கர்ட்டிஸ் மேஃபீல்டு எழுதிப் பாடியது. துள்ளலான பாட்டு, ஆடுபவர்களுக்கும் பிடிக்கும். ஆனாலும் அமெரிக்காவில் நிறைய விற்றதால் இன்றும் மலிவு. வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு லேபிளில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன்: ஜானி பேட். இசைக்கோர்ப்பு, அதாவது எந்த வாத்தியம் எங்கே வாசிக்க வேண்டும் என்று வகுத்த வேலை, அவருடையது.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனேன். மேஜர் லான்ஸ் என்ற பாடகரின் 1963ஆம் ஆண்டு ஹிட் 'தி மங்கி டைம்' பாட்டிலும் எழுதியவர் மேஃபீல்டு, இசைக்கோர்ப்பு பேட், தயாரிப்பு கார்ல் டேவிஸ். கார்ல் டேவிஸைத் தொடர்ந்தால் 'ஓகே' என்ற லேபிளில் பாடகர் வால்டர் ஜாக்சன் வருகிறார். அவருடைய தட்டுகள் பலவற்றில் வயலின்களை அடுக்கியவர் ரைலி ஹாம்ப்டன். பாடகி எட்டா ஜேம்ஸின் 'அட் லாஸ்ட்' பாட்டுக்குப் பின்னால் கேட்கும் வயலின்களும் இவர் கைவேலைதான். கார்ல் டேவிஸ் பிறகு பிரன்ஸ்விக் லேபிளுக்குப் போய்ப் பாடகர் ஜாக்கி வில்சனின் 'ஹையர் அண்ட் ஹையர்' எடுத்தார் (மோட்டவுனின் வாத்தியக்காரர்கள் டெட்ராய்டிலிருந்து நிறுவனத்துக்குத் தெரியாமல் வந்து வாசித்த பாட்டு அது). அப்புறம் டக்கார் என்று சொந்த லேபிள் தொடங்கினார். பாடகர் பெயரைவிட இந்தச் சின்ன எழுத்துப் பெயர்கள்தான் எனக்கு வழிகாட்டி. புதிதாகத் தொடங்குகிறவருக்கும் நான் முதலில் சொல்வது இதையே: பிடித்த பாட்டின் லேபிளில் இசைக்கோர்ப்பு செய்தவர் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர் பெயர் இருக்கும் அடுத்த மலிவான தட்டை வாங்குங்கள்.

மே, ஜூன் மாதங்கள் நன்றாகப் போகவில்லை. வால்டர் ஜாக்சனின் 'இட்ஸ் ஆல் ஓவர்', 1964. இதுவும் மேஃபீல்டு எழுதியதுதான். ஜாக்சன் போலியோ வந்து ஊன்றுகோலுடன் மேடை ஏறியவர். நடனம், மேடை வித்தை எதுவும் இல்லை, குரல் மட்டும். 7 பவுண்டுக்கு வந்த தட்டைப் பார்த்தால் புதிது போலப் பளபளத்தது. விற்றவர் 'விஜி பிளஸ்' என்று தரம் போட்டிருந்தார், அதாவது லேசான தடங்கள் மட்டும். முள்ளை வைத்தால் குரல் உயரும் இடமெல்லாம் கரகரவென்று பிளந்தது. மூன்று முறை கழுவினேன். மாறவில்லை.

அப்போதுதான் ஸ்டைரீன் பற்றி ஒழுங்காகப் படித்தேன். இங்கிலாந்துத் தட்டுகளைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லாம் வினைல் என்று நினைத்துவிடுவோம். அமெரிக்காவில் 60களின் சிங்கிள்களில் பெரும் பங்கு பாலிஸ்டைரீனில் வந்தது. வினைலை அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள்; ஸ்டைரீனை உருக்கி அச்சுக்குள் செலுத்துவார்கள். வேலை வேகமாக முடியும், செலவும் குறைவு. ஆனால் பழைய பிளேயர்களின் கனமான முள் ஸ்டைரீன் பள்ளத்தின் சுவரைத் தேய்த்துவிடும். தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். வினைல் தட்டில் லேபிள் தட்டோடு சேர்ந்தே அழுத்தப்பட்டிருக்கும். ஸ்டைரீனில் பிறகு ஒட்டியிருப்பார்கள், சிலவற்றில் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். நகத்தால் ஓரத்தில் தட்டினால் ஸ்டைரீன் கணீரென்று ஒலிக்கும், வினைல் மந்தமாக ஒலிக்கும். ஸ்டைரீனை வளைத்துப் பார்க்கவே கூடாது, ஒடிந்துவிடும்.

ஓகே லேபிள் கொலம்பியா நிறுவனத்தின் கிளை. அதன் தட்டுகளில் ஸ்டைரீன் ஏராளம். அதனால் சுத்தமாக ஒலிக்கும் ஒரு வால்டர் ஜாக்சன் தட்டு உண்மையிலேயே அரிது. ஆனாலும் விலை 10 பவுண்டுக்குள்தான் நிற்கிறது. இப்போது இந்த லேபிளில் எதை வாங்கினாலும் விற்பவரிடம் ஒரே கேள்வி கேட்கிறேன்: "போட்டுக் கேட்டுப் பார்த்தீர்களா?" கேட்கவில்லை என்று பதில் வந்தால் விட்டுவிடுவேன். செப்டம்பரில் 'இட்ஸ் ஆல் ஓவர்' மறுபடி கிடைத்தது. லேபிள் ஓரம் கிழிந்திருந்தது, 6 பவுண்டு, ஒலி அருமை. அன்றைக்கு இரவு நான்கு முறை கேட்டேன்.

வீட்டில் உள்ள ஏற்பாடு சாதாரணமானது. பழைய பிளேயர், கூம்பு வடிவ முள், அது தட்டை அழுத்தும் எடை 2 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. பெருக்கியில் மோனோ பொத்தான் (இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்குவது) இருக்கிறது. அதை அழுத்தினாலே பாதி இரைச்சல் போய்விடுகிறது. இந்தக் காலச் சிங்கிள்கள் பெரும்பாலும் மோனோதான் என்பதால் பாட்டில் எதுவும் குறையாது. கழுவக் காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் போதும். ஸ்டைரீன் மேல் ஆல்கஹால் கலந்த திரவம் எதையும் நான் விடுவதில்லை.

அக்டோபரில் பாடகி மிட்டி காலியர் வந்தார். 'ஐ ஹேட் எ டாக் வித் மை மேன்', செஸ் லேபிள், 1964, 8 பவுண்டு. ஜேம்ஸ் கிளீவ்லண்டின் தேவாலயப் பாட்டு ஒன்று உண்டு, நேற்று இரவு கடவுளோடு பேசினேன் என்று. அதில் கடவுள் இருந்த இடத்தில் காதலனை வைத்துப் பாடிவிட்டார்கள். நம்முடைய பாசுரங்களில் கடவுளைக் காதலனாக்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்த எதிர்த்திசைப் பயணம் உடனே பிடிபட்டது. மெட்டில் பக்தி அப்படியே இருக்கிறது, அவசரமே இல்லை. என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, இவங்க பாடுறாங்களா, அழறாங்களா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். மிட்டி காலியர் பிற்காலத்தில் திரும்பத் தேவாலயத்துக்கே போய்ப் பிரசங்கியானார்.

இந்த மாதிரி மெதுவான பாட்டுகளை மதித்த ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். டேவ் கோடின் லண்டனில் சோல் சிட்டி என்ற கடை நடத்தினார். வடக்கிலிருந்து வந்து வேகமான பழைய பாட்டுக் கேட்கும் வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து 'நார்தர்ன் சோல்' என்ற பெயரை வழக்கில் விட்டவர் அவர்தான். ஆனால் அவர் நெஞ்சுக்கு நெருக்கமானது மெதுவான, ஆழமான பாட்டு. அதற்கு 'டீப் சோல்' என்ற பெயரைக் கொடுத்தவரும் அவரே. 1997 முதல் கென்ட் லேபிளில் அவர் தொகுத்த நான்கு டீப் சோல் குறுந்தகடுகளை வாங்கிக் கேட்டுவிட்டுத் தட்டு தேடப் போவது நல்ல வழி. எந்தப் பாட்டை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ள ஆசை என்பது முதலில் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு முறை வரம்பை மீறினேன், டிசம்பரில். ஹரால்டு பரேஜ், 'காட் டு ஃபைண்ட் எ வே', எம்-பாக் லேபிள், 1965, 12 பவுண்டு. எம்-பாக், ஒன்-டர்ஃபுல் நிறுவனத்தின் கிளை. ஒன்-டர்ஃபுல்லை ஜார்ஜ் லீனர் 1962இல் சிகாகோவின் தெற்கு மிச்சிகன் அவென்யூவில் தொடங்கினார். செஸ், வீ-ஜே போன்ற லேபிள்கள் வரிசையாக இருந்ததால் அந்தத் தெருவை ரெக்கார்டு ரோ என்பார்கள். பரேஜ் இந்தப் பாட்டு வந்த அடுத்த ஆண்டே இறந்துபோனார், நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் ஓட்டிஸ் கிளே, டைரோன் டேவிஸ் என்ற பாடகர்கள் இருவருக்கும் அவர் அண்ணன் மாதிரி இருந்து வழிகாட்டியவர். டைரோன் டேவிஸின் 'கேன் ஐ சேஞ்ச் மை மைண்ட்' (டக்கார், 1968) கேட்டுவிட்டு உடனே பரேஜைக் கேட்டால் அந்தக் கெஞ்சும் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். டைரோன் டேவிஸ் தட்டுக்கு நான் கொடுத்தது 3 பவுண்டு. அதுவும் முதலில் பி பக்கமாக வந்த பாட்டுதான். வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டதால் வென்றது.

ஜனவரியில் ஒரு கள்ளப் பிரதியிடம் ஏமாந்தேன். லேபிள் நிறம் வெளுத்து, எழுத்து லேசாகக் கலங்கியிருந்தது. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் அசல் தட்டில் முத்திரை குத்தியிருக்கும் இடத்தில் இதில் கையால் கீறிய மெல்லிய எண் இருந்தது. பணம் கொடுக்குமுன் அந்த வளையத்தின் படத்தை அசலோடு ஒப்பிட வேண்டும். 9 பவுண்டு போனது.

50 பவுண்டை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். இம்ப்ரஷன்ஸ், டைரோன் டேவிஸ், வால்டர் ஜாக்சன், மிட்டி காலியர் என்று மேலே சொன்ன நான்கும் வாங்கச் சொன்னேன். அதோடு ஜீன் சாண்ட்லரின் 'நத்திங் கேன் ஸ்டாப் மீ', கான்ஸ்டலேஷன், 1965. மீண்டும் மேஃபீல்டு எழுத்து. மனம் கனத்துப்போன நாளில் நான் முதலில் எடுக்கும் தட்டு இது. அப்புறம் பார்பரா ஆக்லினின் 'லவ் மேக்ஸ் எ உமன்', பிரன்ஸ்விக், 1968. பிரன்ஸ்விக் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதி, அங்கேயே பாடகியானவர் அவர். ஆறும் சேர்ந்து 40 பவுண்டுக்குள் முடியும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் ஒரே விற்பனையாளரிடம் மொத்தமாக வாங்குங்கள். ஒற்றைத் தட்டுக்கு வரும் தபால் கட்டணம் தட்டின் விலையைத் தாண்டிவிடும்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். லேபிளில் பேனா எழுத்து இருந்தால் சேகரிப்பவர்கள் ஒதுக்குவார்கள், விலை பாதியாகும். ஒலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அந்தக் காலத்தில் நண்பர்கள் வீட்டு விருந்துக்குத் தட்டுகளை எடுத்துப்போகும்போது மாறிவிடக்கூடாதென்று பேர் எழுதிவைப்பார்கள். எனக்கு இப்படிப்பட்ட தட்டுகள்தான் கூடுதலாகப் பிடிக்கின்றன.

மார்ச்சில் இல்லினாய்ஸில் இருக்கும் ஒருவரிடமிருந்து ஓட்டிஸ் கிளேயின் 'தட்ஸ் ஹவ் இட் இஸ்' வந்தது. ஒன்-டர்ஃபுல், 1967, 5 பவுண்டு. லேபிளில் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர், அதன் கீழே வட்டத்துக்குள் 14 என்ற எண். அதே பார்சலில் வந்த இன்னொரு ஒன்-டர்ஃபுல் தட்டில், மெக்கின்லி மிட்சலின் 'தி டவுன் ஐ லிவ் இன்', அதே கையெழுத்து, அதே பெயர், எண் 9. யாரோ ஒருவர் தன் பெட்டியில் இருந்தவற்றுக்கு வரிசை எண் போட்டிருக்கிறார். விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். கிடங்கில் தேடிப் பார்த்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை பதில் போட்டார்: 3, 11, 22 மூன்றும் இருக்கின்றன, மூன்றும் சேர்த்து 16 பவுண்டு. என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை, பணத்தை அனுப்பிவிட்டேன். பார்சல் வரும் வழியில் இருக்கிறது.