வேப்பஞ்சருகு
ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாள்தான். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் வேப்பமரத்தடி பெஞ்சுகள் காலை எட்டரைக்கே நிரம்பிவிடுகின்றன. செமஸ்டர் நெருங்குகிறது என்று அர்த்தம். மற்ற நாட்களில் அங்கே காக்கையும் நானும்தான்.

வெள்ளிக்கிழமை தோட்டவேலை பார்க்கும் அண்ணாச்சி மொட்டைமாடியிலிருந்து ஒரு சாக்கு சருகை இறக்கினார். “மழைத்தண்ணி குழாய் பூரா இதான் சார். உங்க வீட்ல பாத்தாச்சா?” என்றார்.

பார்க்கவில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரையை மீறி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவன் நான். அப்படியும் இந்த லட்சணம்.

இன்று காலை ஏறினேன். குழாய்வாயில் சருகு, அதற்கடியில் பக்கத்து வீட்டுப் பையன் போன வருஷம் தேடிய பந்து. தட்டோட்டு இடுக்கு நாலைந்து இடத்தில் விட்டிருந்தது. சிமெண்ட் பால் ஊற்றி அடைத்தேன். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல், வயலே போடலாம். தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, மறுபடி அலசி இறங்க மணி இரண்டு.

“மிதவை வால்வு ஒழுகுதுன்னு சித்திரையிலயே சொன்னேம்லா, அதைப் பாத்தீங்களா?” என்றாள் வீட்டுக்காரி.

சரி, அது அடுத்த ஞாயிறு.