வாங்கிக் குவித்த கேம்கள்

90 சதவீதம் தள்ளுபடி என்று பச்சைக் கட்டத்தில் பார்த்தாலே கை தானாகப் போய் அமுக்கிவிடும், அப்படி வாங்கி இன்னும் இன்ஸ்டால்கூட செய்யாத கேம்கள் கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில், என் லைப்ரரியில் 40-க்கு மேல் தூங்குகின்றன. இப்போதுதான் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. பிடித்ததை விஷ்லிஸ்டில் போட்டுவிட்டால் விலை குறையும்போது மெயில் வரும், அப்புறம் ஸ்டீம்டிபி தளத்தில் அதன் பழைய விலைகளைப் பார்ப்பேன், இதே விலைக்கு ஏற்கெனவே நாலு தடவை இறங்கியிருந்தால் என்ன அவசரம்? ‘இன்னும் 6 மணி நேரம்தான்’ என்று ஓடும் கடிகாரமெல்லாம் சும்மா பூச்சாண்டி.

அப்படிப் பொறுத்திருந்து வாங்கியதுதான் போர்ட்டல் 2 என்ற புதிர் கேம். வந்தது 2011-இல். தரையில் ஒரு வாசல், சுவரில் ஒரு வாசல் திறந்தால் ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வரலாம், உயரத்திலிருந்து தரை வாசலுக்குள் குதித்தால் விழுந்த வேகம் குறையாமல் சுவரிலிருந்து பறந்து வெளியே வருவோம்! அது பிடிபட்ட நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். என் பழைய லேப்டாப்பிலும் திணறாமல் ஓடுகிறது, அதற்கே தனியாக ஒரு கும்பிடு.

சரி, வாங்கியது பிடிக்கவில்லையா? 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நான் ஒரு கேமை ‘இன்னும் கொஞ்சம் போனால் நன்றாக இருக்கும்’ என்று நம்பி 2 மணி 10 நிமிடம் ஆடித் தொலைத்தேன்.