ஸ்டீம் டேபிள் அத்தியாயம்: சேலத்தில் கெட்டில், ஏற்காட்டில் தெர்மாமீட்டர்

தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தின் முதல் சில அத்தியாயங்கள் ஓடிவிட்டன. சிஸ்டம், பவுண்டரி (கணக்கில் எடுக்கும் பகுதியின் எல்லை), வேலை, வெப்பம், முதல் விதி என்று எல்லாம் சூத்திரத்தில் அடங்கிவிடும். நிதானிக்க வேண்டிய இடம் ப்யூர் சப்ஸ்டன்ஸ் (நீர் போன்ற தூய பொருள்) அத்தியாயம்தான். ஸ்டீம் டேபிள் (ஒவ்வொரு அழுத்தத்திலும் நீர், நீராவியின் கொதிநிலையையும் வெப்ப அளவுகளையும் தரும் அட்டவணை) கைவராமல் அதைத் தாண்டினால், பின்னால் வரும் ரேங்கின் சைக்கிளில் (நீராவி மின்நிலையம் இயங்கும் சுழற்சி) ஒரு கணக்கும் நகராது. ஆகவே இரண்டு வாரம் இதற்கே. டேபிளில் உள்ள கொதிநிலையையும் உள்ளுறை வெப்பத்தையும் (ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்கத் தேவையான வெப்பம்) வீட்டுச் சாமான்களை வைத்தே சரிபார்த்தாயிற்று.

கொதிநிலைக்கு முதலில் அந்த இடத்தின் உண்மையான காற்றழுத்தம் தெரிய வேண்டும். வானிலைச் செயலி காட்டும் 1012 மில்லிபாரை எடுத்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். அது கடல் மட்டத்துக்குத் திருத்திய எண். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், அழுத்தம் 0.98 பார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காட்டுக்குப் போனால் 0.845 பார். டேபிளில் 0.8 பாருக்கு 93.5 டிகிரி, 0.9 பாருக்கு 96.7. இடைமதிப்பு போட்டால் ஏற்காட்டில் 94.9 டிகிரி வருகிறது. பாத்திரத்தில் வைத்த தெர்மாமீட்டர் 95 காட்டியது. தெர்மாமீட்டரின் குமிழ் பாத்திரத்தின் அடிப்பாகத்தைத் தொட்டால் இரண்டு மூன்று டிகிரி கூடிவிடும். நீரின் நடுவில் தொங்கவிட வேண்டும். உருகும் ஐஸில் வைத்து சைபர் காட்டுகிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்வது நல்லது.

உள்ளுறை வெப்பம் இவ்வளவு சுலபத்தில் வரவில்லை. 1500 வாட் கெட்டிலை, மூடி திறந்தபடி, சமையல் தராசில் எடை பார்த்து, நீர் நன்றாகக் கொதித்த பிறகு சரியாக 5 நிமிடம் ஓடவிட்டு, அணைத்து மறுபடி எடை போட வேண்டும். (மூடி திறந்திருந்தால் தானாக அணைவதில்லை, பக்கத்திலேயே நிற்க வேண்டும், சூடேற்றும் கம்பிச்சுருள் நீருக்கு மேலே தெரியக் கூடாது.) எடை 172 கிராம் குறைந்திருந்தது. 1500 வாட்டை அப்படியே நம்பினால் 450 கிலோஜூல். வகுத்தால் கிலோவுக்கு 2616 வருகிறது. டேபிளிலோ 2259. பதினாறு சதவீதம் பிசகு.

பிசகு கரண்டில் இருந்தது. 1500 என்பது 230 வோல்ட்டுக்கான எண். மல்டிமீட்டரில் 218 தான். திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் உண்மையில் கிடைத்தது 1348 வாட், அதாவது 404 கிலோஜூல். இப்போது 2351. மிச்சமுள்ள நாலு சதவீதத்தைக் கணக்கிட்டால் 53 வாட். சூடான கெட்டிலின் உடம்பு சுற்றியுள்ள காற்றுக்கு இழக்கக்கூடிய அளவே அது. பவுண்டரியை எங்கே வரைகிறோம் என்று புத்தகம் திரும்பத் திரும்பக் கேட்பது ஏன் என்று இந்த 53 வாட்டில் புரிகிறது: நீரைச் சுற்றி வரைந்தால் அது இழப்பு, கெட்டிலையும் அறையையும் சேர்த்து வரைந்தால் இழப்பே இல்லை.

பயிற்சிக் கணக்குகளில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று. கண்டென்சர் (நீராவியைக் குளிரவைத்து நீராக்கும் கலம்) வாக்குவம், அதாவது காற்றழுத்தத்தைவிடக் குறைவு, 700 மில்லிமீட்டர் பாதரசம் என்று கொடுத்திருப்பார்கள்; பாரோமீட்டர் 760 என்று எடுத்தால் அப்சல்யூட் அழுத்தம் (வெற்றிடத்திலிருந்து அளந்த முழு அழுத்தம்) 60 மில்லிமீட்டர், கொதிநிலை 41.5 டிகிரி. சேலத்துப் பாரோமீட்டர் 735 தான். அதை எடுத்தால் 35 மில்லிமீட்டர், 32 டிகிரிக்கும் கீழே. கேஜ் அளவு (காற்றழுத்தத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே என்ற அளவு) எதுவானாலும் உள்ளூர் காற்றழுத்தத்தைச் சேர்த்தோ கழித்தோ அப்சல்யூட் ஆக்கிய பிறகுதான் டேபிளைத் திறக்க வேண்டும்.

அடுத்தது குக்கர். வெயிட் ஒரு பார் கேஜ் என்று வைத்தால் சேலத்தில் உள்ளே 1.98 பார், 120 டிகிரி. ஏற்காட்டில் 118 தான். 120 டிகிரி நீரின் என்தால்பி (ஒரு கிலோவில் அடங்கிய வெப்ப ஆற்றல்) 504 கிலோஜூல், சேலத்துக் கொதிநிலையான 99 டிகிரியில் 415. வித்தியாசம் 89-ஐ 2259-ஆல் வகுத்தால் 0.039. சேலத்தில் வெயிட்டைத் தூக்கியதும் ஒரு கிலோ நீரில் சுமார் 39 கிராம் ஆவியாகிவிடும். 65 லிட்டருக்கு மேல் நீராவி. பருப்பு பொங்கி விசில் வழியே தெறிப்பதற்கு இதுவே போதும்.